அஞ்சாவது ஆள் எங்கே?

பதிவு போட்டு மாசக்கணக்காச்சு. ஆணி கொஞ்சம் ஓவர். எதையாவது எழுதலாம்னு உக்காந்தா, டேமேஜர் கரெக்டா அப்பதான் "ஒரு சின்ன கால்"னு கூப்பிடுவார். அந்தச் சின்ன கால் முடியறதுக்குள்ள ராத்திரி சாப்பாடு ஆறிடும். சரி, அதை விடுங்க.

போன ஞாயித்துக்கிழமை காலையில நண்பனும் நானும் செங்கல்பட்டுல இருந்து வண்டியைக் கிளப்பி, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயில் பக்கத்து மணல்ல நாலு பசங்க ஒரு குச்சியை வச்சிகிட்டு ரிலே ஓடிட்டு இருந்தாங்க. அதைப் பார்த்ததும் நண்பன் ஆரம்பிச்சான்: "2023ல புடாபெஸ்ட்ல நம்ம பசங்க மெடலே வாங்கியிருக்கணும்டா. ஃபைனல்ல கோட்டை விட்டுட்டாங்க."

"கோட்டை எல்லாம் விடல. அவங்களுக்கு அஞ்சாவது ஆள் இல்ல, அவ்ளோதான்"னு நான் சொன்னேன். அதுல ஆரம்பிச்ச சண்டை, டீக்கடை தாண்டி, திரும்பி வீடு வர்ற வரைக்கும் ஓடிச்சு. அங்க சொல்லி முடிக்காததைத்தான் இங்க கொட்டறேன். பொறுமை இருக்கறவங்க தொடர்ந்து படிங்க :-)

முதல்ல நடந்தது என்னன்னு ஒரு ரீவைண்ட்.

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. ஹங்கேரி நாட்டு புடாபெஸ்ட்ல உலகத் தடகள சாம்பியன்ஷிப். ஆண்கள் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தோட ஹீட்ஸ். முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ். இந்த நாலு பேரும் 2 நிமிஷம் 59.05 நொடியில ஓடி முடிச்சாங்க. அமெரிக்கா 2:58.47. அதுக்கு அடுத்த இடத்துல இந்தியா! கடைசி லெக்ல நம்ம திருச்சிக்காரர் ராஜேஷ் ரமேஷ் அமெரிக்காக்காரரை விரட்டிட்டு வந்த அந்த வீடியோவைப் பார்க்காத ஆளு இருக்க முடியாது. ரயில்வேயில டிக்கெட் பரிசோதகரா வேலை பார்க்கற மனுஷன். "வித்தவுட்டை துரத்திப் பழக்கம்"னு அன்னைக்கு ஊரே ஜோக்கடிச்சுது.

அதுக்கு முன்னாடி ஆசிய சாதனை ஜப்பான் கையில இருந்துச்சு. 2022ல அமெரிக்காவோட ஒரேகான்ல அவங்க ஓடின 2:59.51. அதை நம்மாளுங்க கிட்டத்தட்ட அரை நொடி வித்தியாசத்துல உடைச்சாங்க.

அடுத்த நாள் ஃபைனல். நம்ம நேரப்படி ராத்திரி ஒரு மணிக்கு மேல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நீரஜ் சோப்ரா 88.17 மீட்டர் எறிஞ்சு தங்கம் வாங்கியிருந்தார். மறுநாள் திங்கட்கிழமை, காலையில ஆபீஸ். இருந்தாலும் தூங்கல. ரிசல்ட்: அமெரிக்கா 2:57.31, பிரான்ஸ் 2:58.45, பிரிட்டன் 2:58.71, ஜமைக்கா 2:59.34, இந்தியா 2:59.92. அஞ்சாவது இடம்.

உலகத்துலயே அஞ்சாவது இடம்ங்கறது சின்ன விஷயம் இல்ல. அதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது. ஆனா அந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. சனிக்கிழமை 2:59.05. ஞாயித்துக்கிழமை 2:59.92. ஒரே நாளில் 0.87 நொடி கூடிப்போச்சு. தலைக்கு கிட்டத்தட்ட 0.22 நொடி. அமெரிக்காவோ சனிக்கிழமையைவிட ஞாயித்துக்கிழமை 1.16 நொடி வேகமா ஓடிச்சு.

இங்கதான் சூட்சுமம். நம்மகிட்ட ரெண்டு நாளும் ஓடினது அதே நாலு பேர். அமெரிக்கா அப்படி இல்ல. ஃபைனல்ல ஓடின குவின்சி ஹால், வெர்னான் நார்வுட், ராய் பெஞ்சமின் மூணு பேரும் ஹீட்ஸ்ல ஓடவே இல்ல. ரூம்ல காலை நீட்டிப் படுத்திருந்திருப்பாங்க. ஜஸ்டின் ராபின்சன் மட்டும்தான் ரெண்டு நாளும் ஓடினார்.

400 மீட்டரை யாராவது முழு வேகத்துல ஓடிப் பார்த்திருக்கீங்களா? முதல் 200 நாம ராஜா. 300 தாண்டினதும் காலை யாரோ சிமெண்ட்ல முக்கின மாதிரி இருக்கும். கடைசி 50 மீட்டர்ல நாம ஓடறோமா, விழுந்துகிட்டே முன்னாடி போறோமான்னே தெரியாது. முடிச்சதும் வாந்தி வரும். அதை உலக அளவுல, வாழ்க்கையிலேயே பெஸ்டா ஓடிட்டு, 24 மணி நேரம் கழிச்சு "மறுபடியும் அதே மாதிரி ஓடு"ன்னா உடம்பு கேக்குமா? 0.22 நொடிதான் கூடிச்சுங்கறதே என்னைக் கேட்டா அதிசயம்தான்.

பொட்டி தட்டறவனுக்கே உரிய வியாதியில ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை ஓட்டத்தை நாலால் வகுத்தா தலைக்கு 44.76 நொடி. அப்போ 400 மீட்டர்ல இந்தியாவோட தேசிய சாதனை அனஸ் 2019ல ஓடின 45.21. அதாவது தேசிய சாதனை ஓட்டத்தை நாலு தடவை அடுக்கினாலும் 3:00.84தான் வரும். நம்ம பசங்க அதைவிட 1.79 நொடி கம்மியா ஓடியிருக்காங்க!

இதுல மேஜிக் ஒண்ணும் இல்ல. முதல் ஆள் மட்டும்தான் துப்பாக்கிச் சத்தம் கேட்டு பிளாக்ல இருந்து கிளம்பணும். மத்த மூணு பேரும் 20 மீட்டர் மாற்று எல்லைக்குள்ள ஓடிக்கிட்டே கோலை வாங்கறாங்க. அந்த ஓடும் ஸ்டார்ட்ல ஒவ்வொருத்தருக்கும் அரை நொடியும் அதுக்கு மேலயும் மிச்சமாகும். ஆனா அது சும்மா கிடைக்காது. 4×100ல வாங்கறவர் திரும்பிப் பார்க்காம கையை நீட்டுவார். 4×400ல அது நடக்காது. வர்றவர் உயிர் போய் வந்துகிட்டிருப்பார், அவர் வேகம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு திரும்பிப் பார்த்து, கணிச்சு, அதுக்கு ஏத்த மாதிரி கிளம்பணும். கொஞ்சம் சீக்கிரம் கிளம்பினா கோல் எட்டாது. கொஞ்சம் லேட்டா கிளம்பினா ரெண்டு பேரும் முட்டிக்கணும். ஒருத்தரை ஒருத்தர் மாசக்கணக்கா பார்த்துப் பழகினாதான் இது கைகூடும்.

அதனாலதான் சொல்றேன். அஞ்சாவது ஆள்னா சும்மா ஜெர்சி போட்டு உக்கார வைக்கிற ஆள் இல்ல. முதல் நாலு பேருக்குச் சமமா ஓடணும், அவங்களோட சமமாப் பழகியிருக்கணும்.

"அதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை"ன்னான் நண்பன். சரி, நம்ம கதைக்கே வருவோம்.

2024 மே மாசம். பஹாமாஸ்ல உலக ரிலே போட்டி. பாரிஸ் ஒலிம்பிக்ஸ் டிக்கெட் அங்கதான். முதல் சுற்றுல ரெண்டாவது லெக் ஓடின ராஜேஷ் ரமேஷுக்கு பாதியில தசைப்பிடிப்பு. ஓட்டத்தை முடிக்கவே முடியல. புடாபெஸ்ட்ல தூக்கி வச்சுக் கொண்டாடின அதே ஊர், அன்னைக்கு என்னென்ன எழுதிச்சுன்னு ஞாபகம் இருக்கா? எனக்கு இருக்கு. அதை விடுங்க. அடுத்த நாள் இன்னொரு வாய்ப்பு. ஹீட்ல முதல் ரெண்டு இடத்துக்குள்ள வரணும். ராஜேஷ் இடத்துல இறங்கினது ஆரோக்கிய ராஜீவ். லால்குடி பக்கத்துக்காரர், ராணுவ வீரர், 2014 ஆசிய விளையாட்டுல 400 மீட்டர் வெண்கலம். அப்போ வயசு 32, இன்னும் சில நாள்ல 33. 3:03.23ல ஓடி, அமெரிக்காவுக்கு அடுத்து ரெண்டாவதா வந்து, பாரிஸ் டிக்கெட்டை வாங்கியாச்சு.

பாரிஸ்ல ஓடினது அனஸ், அஜ்மல், அமோஜ், ராஜேஷ். டிக்கெட் வாங்கிக் கொடுத்த ராஜீவ் வெளியே. அது செலக்‌ஷன், அதுல தப்பு சொல்ல வரல. ஆனா பஹாமாஸ்ல அந்த மனுஷன் இல்லைன்னா? அன்னைக்கு நம்மகிட்ட அஞ்சாவது ஆள் இருந்தார். அதனால பாரிஸ் போனோம். இதைவிட வேற என்ன சாட்சி வேணும்?

பாரிஸ்ல நம்ம நேரம் 3:00.58. மொத்தத்துல 10-வது இடம், ஃபைனல் கிடையாது. 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்லயும் இதே கதைதான். அனஸ், நோவா நிர்மல் டாம், ஆரோக்கிய ராஜீவ், அமோஜ் ஜேக்கப் ஓடினாங்க. 3:00.25, அப்போ அது ஆசிய சாதனை. ஆனா 9-வது இடம், ஃபைனலுக்கு 8 பேர். ஒரே ஒரு இடத்துல போச்சு. பாரிஸ் ஃபைனல்ல ஜப்பான் 2:58.33 ஓடி ஆசிய சாதனையை நம்மகிட்ட இருந்து திருப்பி எடுத்துகிட்டாங்க. ஆசியாக்காரங்களால முடியாதுங்கற சாக்கும் அத்தோட காலி.

இன்னொரு உதாரணம். அதே பாரிஸ்ல அமெரிக்கா ஹீட்ஸ்ல முதல் லெக் ஓட விட்டது யாரை தெரியுமா? குவின்சி வில்சன், 16 வயசுப் பையன். பள்ளிக்கூட மாணவன். அன்னைக்கு அவன் சரியாவே ஓடல, 47 நொடிக்கு மேல எடுத்துகிட்டான். மத்த மூணு பேர் இழுத்துப் பிடிச்சு ஃபைனலுக்குக் கொண்டு போனாங்க. ஃபைனல்ல அவன் இடத்துல மட்டும் வேற ஆள் ஓடி 2:54.43ல தங்கம். ஹீட்ஸ்ல ஓடினவங்களுக்கும் மெடல் உண்டுங்கறதால அந்தப் பையனுக்கும் தங்கம். ஒரு 16 வயசுப் பையன் சொதப்பறதுக்கு இடம் கொடுத்தும் ஜெயிக்கிறாங்க பாருங்க, அதுதான் ஆழம். நம்மகிட்ட ஒருத்தருக்குத் தசை பிடிச்சா ஒலிம்பிக்ஸே ஊசலாடுது.

"சரிடா, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டுல அதே நாலு பேர்தானே தங்கம் வாங்கினாங்க?"ன்னு நண்பன் மடக்கினான். நியாயமான கேள்வி. ஆமா, 3:01.58, 1962 ஜகார்த்தாவுல மில்கா சிங் காலத்து அணி வாங்கினதுக்கு அப்புறம், 61 வருஷம் கழிச்சு வந்த தங்கம். அதுலயும் அஜ்மலும் ராஜேஷும் ரெண்டு நாள் முன்னாடிதான் கலப்பு ரிலேல ஓடி வெள்ளி வாங்கியிருந்தாங்க. அந்த உழைப்புக்கு ஒரு பெரிய கும்பிடு. ஆனா 3:01.58க்கு உலக சாம்பியன்ஷிப் ஃபைனல்ல என்ன கிடைக்கும்? கடைசி இடங்கள்ல ஒண்ணு. ஆசியாவுல நாலு பேரை வச்சு சமாளிச்சிடலாம். உலகத்துல முடியாது. அதுவும் 2023 ஜூலையில பாங்காக் ஆசிய சாம்பியன்ஷிப்ல இலங்கைக்காரங்க நம்மளை முந்தி தங்கம் தட்டிட்டுப் போனாங்க, மறந்துடாதீங்க.

ஆழம்னா என்னன்னு தெரிஞ்சுக்க அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்ல. நாங்க நின்னுகிட்டிருந்த மணல்ல இருந்து கூப்பிடு தூரத்துல பூஞ்சேரி. 2022ல செஸ் ஒலிம்பியாட் நடந்த இடம். ஒவ்வொரு அணியிலும் அஞ்சு பேர், ஒரு சுற்றுல நாலு பேர்தான் ஆடணும், ஒருத்தர் ஓய்வு. கிட்டத்தட்ட நம்ம ரிலே மாதிரியேதான். ஓபன் பிரிவுல இந்தியாவோட முதல் அணி நாலாவது இடம். வெண்கலம் வாங்கினது யாரு? குகேஷ், நிஹல், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் இருந்த ரெண்டாவது அணி! நம்ம ரெண்டாவது அணி நம்ம முதல் அணியையே தாண்டிப் போச்சு. இது ஒரு நாளில் வந்ததா? தெருவுக்குத் தெரு செஸ் கிளாஸ், வாராவாரம் ஏதாவது ஒரு டோர்னமெண்ட், தோத்த பையனுக்கும் அடுத்த ஞாயித்துக்கிழமை இன்னொரு போட்டி. அப்படி வருஷக்கணக்கா ஊறினது.

400 மீட்டர்ல அந்த "அடுத்த ஞாயித்துக்கிழமை" எங்கே இருக்கு?

இப்ப நான் ஏன் இதுல இவ்வளவு எமோஷனல் ஆகறேன்னு கேப்பீங்க. சொல்லிடறேன். இதுவரைக்கும் எங்கயும் எழுதினதில்ல.

நான் ஸ்கூல்ல அஞ்சாவது ஆள்.

பிளஸ் ஒன் படிக்கறப்ப. செங்கல்பட்டு அப்போ தனி மாவட்டம் இல்ல (2019 நவம்பர்லதான் ஆச்சு), காஞ்சிபுரம் மாவட்டம். எங்க 4×400 டீம்ல மேல சொன்ன நண்பன்தான் மூணாவது லெக். வேகம்னா வேகம், அப்படி ஒரு வேகம். குறுவட்டப் போட்டியில ஜெயிச்சு மாவட்டப் போட்டிக்குப் போனோம். எனக்கு வேலை என்னன்னா, பையைப் பார்த்துக்கறது, குளுக்கோஸ் கலக்கறது. சாயங்கால பிராக்டீஸ்ல நாலு பேரும் கோல் மாத்திப் பழகுவாங்க, நான் மைதானத்தைச் சுத்தி தனியா ஓடிட்டு இருப்பேன். அஞ்சாவது ஆள்கூட யாரு கோல் மாத்திப் பழகுவாங்க?

போட்டி அன்னைக்கு ரெண்டாவது லெக் பையனுக்கு வயித்துப்போக்கு. "நீ ஓடு"ன்னாங்க. ஓடினேன். மோசமா இல்ல, மூணாவது இடத்துல தக்க வச்சேன்னு நினைக்கறேன். கடைசி வளைவு தாண்டி நண்பன்கிட்ட வர்றப்ப கண்ணு இருட்டிகிட்டு வந்துச்சு. அவன் என் வேகத்தைப் பார்த்ததே இல்ல. வழக்கமா வர்ற பையனோட வேகத்துக்குக் கிளம்பிட்டான். நான் கையை நீட்டினேன், எட்டல. இன்னும் நீட்டினேன். கோல் கீழே விழுந்துச்சு. மண்ணுல ரெண்டு தடவை உருண்டது இப்பவும் கண்ணுல இருக்கு. எடுத்துக் கொடுக்கறதுக்குள்ள எல்லாரும் போயாச்சு.

எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. மார்க் இருந்துச்சு, இஞ்சினியரிங் சேர்ந்தேன், இதோ பொட்டி தட்டறேன். அவனுக்குத்தான் மாநிலப் போட்டி சர்டிபிகேட் வேண்டியிருந்துச்சு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பித்தான் இருந்தான். அடுத்த வருஷம் முழங்கால் போச்சு, அப்புறம் ஓடவே இல்ல. இன்னைக்கு டூவீலர் மெக்கானிக் கடை வச்சிருக்கான், நல்லாத்தான் இருக்கான். அந்தக் கோலைப் பத்தி ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்ல.

போன ஞாயித்துக்கிழமைதான் முதல் தடவையா வாயைத் திறந்தான். நான் அஞ்சாவது ஆள், அஞ்சாவது ஆள்னு கத்திட்டு இருந்தப்ப, வண்டியை ஸ்டார்ட் பண்ணிகிட்டே சொன்னான்: "தப்பு உன்னுது இல்லடா. உன்கூட ஒரு நாளாவது நான் மாத்திப் பழகியிருக்கணும்." அவ்ளோதான். அதுக்கப்புறம் திருக்கழுக்குன்றம் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல.

அதனால என்னோட கருத்து இதுதான், ஒத்துக்கறவங்க ஒத்துக்கங்க, மத்தவங்க பின்னூட்டத்துல கும்முங்க.

ஒண்ணு, ஸ்கூல் லெவல்லயே ரிலேவுக்கு ஆறு பேரைப் பழக்கணும். யாரு யாருக்கும் கோல் கொடுக்கற மாதிரி. இதுக்கு காசு வேண்டாம், சிந்தெடிக் டிராக் வேண்டாம். சாயங்காலம் அரை மணி நேரம் போதும்.

ரெண்டு, ஹீட்ஸ்ல முதல் நாலு பேரை முழுசா செலவழிக்கற பழக்கம் மாறணும். ரிஸ்க்தான். ஃபைனலுக்கே போகாம போனா திட்டு விழும். ஆனா அந்தத் திட்டுக்குப் பயந்தா அஞ்சாவது ஆள் எப்பவும் குளுக்கோஸ்தான் கலக்கிட்டு இருப்பான்.

மூணு, இது நமக்கு. ஹீட்ஸ்ல ஓடினவன் பேரையும், உக்காந்திருந்தவன் பேரையும் ஞாபகம் வச்சுக்குவோம். ராஜேஷைக் கொண்டாடற அதே வாயால ராஜீவையும் கொண்டாடுவோம்.

நம்பிக்கை இல்லாமலும் இல்ல. 2025 மே மாசம் கொரியாவோட குமியில நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்ல, கலப்பு ரிலே தங்கத்துல சந்தோஷ் குமார், விஷால், சுபா வெங்கடேசன்னு மூணு தமிழ்நாட்டுக்காரங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல சென்னையில விஷால் 45.12 ஓடி, அனஸோட ஆறு வருஷ தேசிய சாதனையை உடைச்சார். இதெல்லாம் புடாபெஸ்ட் நாலு பேரைத் தாண்டின பேருங்க. அஞ்சாவது, ஆறாவது ஆள் வர ஆரம்பிச்சாச்சு. அவங்களை பெஞ்சுல உக்கார வச்சு வீணாக்காம இருந்தா சரி.

அந்த மணல்ல ஓடிட்டு இருந்த பசங்களைப் பத்தி சொன்னேன்ல? நாலு பேர் ஓடிட்டு இருந்தாங்க. அஞ்சாவதா ஒரு பொடியன் ஓரமா செருப்புக் குவியலுக்குக் காவல் உக்காந்திருந்தான். கிளம்பறதுக்கு முன்னாடி நண்பன் நேரா அவங்ககிட்ட போய், "டேய், அவனுக்கும் ஒரு ரவுண்டு குடுங்கடா, செருப்பை நாங்க பாத்துக்கறோம்"னான். குடுத்தாங்க. பொடியன் கோலைக் கீழே போட்டான். எடுத்துகிட்டு மறுபடியும் ஓடினான்.

டிஸ்கி: உங்க ஊர்லயும் இப்படி அஞ்சாவது ஆள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. நீங்களேவா இருந்தா இன்னும் சந்தோஷம் :-)